முதியோர் சொத்தும் பிள்ளைகள்மீது பழியும்

பெற்றோரின் சொத்தைப் பறித்துக்கொண்டான் என்பதைக் காட்டிலும் கொடிய பழியொன்றை நமது நாட்டில் ஒரு மனிதன்மீது சுமத்துவது அரிது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக்கூட, "விசாரணை முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்ல ஊரில் நாலு பேர் இருப்பார்கள். தாயின் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு அவளைக் கைவிட்டான் என்று ஒரு பிராது எழுந்துவிட்டாலோ, விசாரணை என்ற பேச்சுக்கே இடமில்லாமற் போகிறது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்ற பழமொழியே தீர்ப்பாகிவிடுகிறது. அப்புறம் அவன் எந்தக் கச்சேரி ஏறி நின்றாலும், தண்டனை பெற்றவனாகவே ஏறி நிற்கிறான்.

இந்தப் பழிகள் யாவும் பொய்யென்று சாதிக்க நாம் முன்வரவில்லை. படுக்கையிற் கிடக்கும் தகப்பனாரின் கைநாட்டை நள்ளிரவில் வாங்கிக்கொண்ட புத்திரர்களும், தாயின் பென்ஷன் பணத்தை மாதந்தோறும் எடுத்துக்கொண்டு அவளுக்குக் கஞ்சிக்கும் வழியின்றிச் செய்தவர்களும் நாட்டில் உண்டு. அத்தகையோருக்காகக் கண்ணீர் விட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆயினும், ஒரு குற்றம் எவ்வளவு வெறுக்கத்தக்கதோ அவ்வளவுக்கு அதை விசாரிப்பதில் நிதானம் வேண்டும் என்பது நியாய சாஸ்திரத்தின் முதற்பாடம். வெறுப்பு மிகுந்த இடத்திலேதான் நிரபராதி மாட்டிக்கொள்ளுகிறான்.

இதில் மற்றொரு முக்கியமான விஷயமும் அடங்கியிருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குத் தக்க எதிர்வாதத்துக்கு இடங்கொடுப்பது அவனுக்குக் காட்டும் தயவு மாத்திரமன்று. முதியோரின் சுதந்தரத்தைக் காப்பாற்றும் காரியமுமாகும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் மனமுவந்து கொடுத்த கொடையெல்லாம் வஞ்சித்து வாங்கியதே என்று அநுமானித்துவிட்டோமானால், அப்பெரியவரை மைனர் பிள்ளையின் ஸ்தானத்துக்கு இறக்கிவிட்டவர்களாவோம். தம்மைப் பேணிய மகளுக்கு ஒரு வீட்டைக் கொடுக்கவும், பேணாத மகனுக்கு ஒன்றும் கொடாதிருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையைக் காக்க வேண்டுமானால், கொடையைப் பெற்றவர் வாய்திறந்து பேச வழியிருக்க வேண்டும்.

பழைய சட்டம் கூறுவது

இவ்விஷயத்தில் நமது சட்டத்தின் அஸ்திவாரம் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே இடப்பட்டிருக்கிறது. அதன் 16-வது பிரிவு தகாத செல்வாக்கு என்பது இன்னதென்று விளக்குகிறது. ஒருவர் மற்றொருவருடைய மனத்தை ஆட்டிவைக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அந்த நிலையை உபயோகித்து அநியாயமான லாபம் பெற்றிருக்கவும் வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தாலொழியத் தகாத செல்வாக்கு இல்லை. வயதினாலோ வியாதியினாலோ துயரத்தினாலோ மனத்தெளிவு குன்றியவரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுகிறவர் அத்தகைய நிலையில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று அப்பிரிவு கூறுகிறது. அதன்மேல், காரியமும் பார்த்த மாத்திரத்தில் மனச்சாட்சிக்கு ஒவ்வாததாகத் தோன்றுமானால், செல்வாக்கைத் தவறாக உபயோகிக்கவில்லை என்று ருஜுப்பிக்கும் பாரம் அவர்மீதே விழுகிறது.

வயோதிகம் வேறு, வயோதிகத்தால் மனத்தெளிவு குன்றுதல் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டம் பேசுவது பின்னதைப்பற்றியே. எண்பது வயதிலும் தம் நிலத்தின் நாலெல்லையையும் குத்தகைப் பாக்கியையும் மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பிறந்த வருஷத்தைக் காட்டிவிட்டால் வழக்கு ஜயித்துவிட்டதென்று எண்ணுவது தவறு. அதே சட்டத்தின் 12-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்லுகிறது: சாதாரணமாகச் சித்தம் தெளிவில்லாதவராயினும், தெளிந்திருக்கும் வேளையில் அவர் செய்த ஒப்பந்தம் செல்லும் என்கிறது. ஆகவே, கேள்வி எப்பொழுதும் பத்திரம் எழுதப்பட்ட அன்றைய நிலையைப் பற்றியது. வழக்குத் தொடுக்கப்பட்ட நாளின் நிலையைப் பற்றியதன்று.

இரண்டு பக்கத்துக்கும் உதாரணமாக இரண்டு பழைய தீர்ப்புகளை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். முதலாவது, சிங்கப்பூரிலிருந்து பிரிவி கௌன்ஸிலுக்குச் சென்று 1928-ல் முடிவான வழக்கு. எழுத்தறியாத ஒரு மலாய் மூதாட்டி, தம் விவகாரங்களையெல்லாம் கவனித்து வந்த மருமகன் முறையுள்ள ஒருவருக்குத் தம் சொத்தில் ஏறக்குறைய முழுவதையும் தானமாக எழுதிக் கொடுத்தார். பத்திரம் எழுதும்போது ஒரு வக்கீல் இருந்தார், அவர் யோக்கியமானவர், பத்திரத்தை விளக்கிச் சொல்லி, சுய இஷ்டத்துடன் செய்கிறீர்களா என்றும் கேட்டார். ஆனால் அந்த அம்மையாரின் ஆஸ்தி முழுவதுமே அதில் அடங்கிவிட்டதென்று அவருக்குத் தெரியாது. உயில் மூலமாகவும் அந்த உபகாரத்தைச் செய்யலாமே, உயிருள்ளவரை சொத்து உம் கையிலேயே இருக்குமே என்று அவர் எடுத்துக்கூறவில்லை. தானம் ரத்தாயிற்று. வக்கீலின் கையெழுத்து ஒரு மந்திரக்கோல் அன்று என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இரண்டாவது, நமது சுப்ரீம் கோர்ட்டு 1966-ல் தீர்மானித்த வங்காளத்து வழக்கு. முதிர்ந்த வயதுடைய பாட்டனார் ஒருவர் பேரனுக்குச் சொத்தைத் தானமாக எழுதி வைத்தார். அவர் காலமான பிறகு குடும்பத்தார் ஒருவர், அது தகாத செல்வாக்கினால் நேர்ந்தது என்று தாவாச் செய்தார். வயதையும் உறவையும் பார்த்து ஹைகோர்ட்டு அவர் பக்கம் சாய்ந்தது. சுப்ரீம் கோர்ட்டு அதை ஒப்பவில்லை. பாட்டன் பேரன் என்ற உறவு மாத்திரத்தினாலே ஒருவர் மனம் மற்றவருக்கு அடிமைப்பட்டிருந்ததாக அநுமானிப்பதற்கில்லை. மனம் ஆட்டிவைக்கப்பட்டதை முதலில் காட்ட வேண்டும், அப்புறமே மற்றதெல்லாம் என்று தீர்ப்பாயிற்று. நெருங்கிய உறவினர் பேரில் அன்பு வைப்பது மனித சுபாவம். அதைச் சந்தேகத்துக்கு ஆதாரமாகக் கொள்ளலாகாது.

உயில் விஷயத்திலோ வேறு முறை. உயிலைக் கொண்டுவந்து நீட்டுகிறவரே அதன் எழுத்திலும் முன்னின்று, அதனால் பெரும் லாபமும் அடைபவராக இருந்தால், சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகளை அவரே விலக்க வேண்டும் என்று மைசூரிலிருந்து வந்த ஓர் அப்பீலில் 1958-ல் சுப்ரீம் கோர்ட்டு விதித்தது. இன்றும் அதுவே வழிகாட்டி.

2007-ம் வருஷத்துச் சட்டம்

இந்த அடிப்படையின்மேல் எழுந்ததே பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம். 2007-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய இச்சட்டத்தின் நோக்கம் மிகவும் உயர்ந்தது. கோர்ட்டுகளில் வருஷக்கணக்காக அலைய இயலாத பெரியோர்களுக்கு விரைவில் பரிகாரம் கிடைக்க வேண்டுமென்று, ஸப்-டிவிஷனல் அதிகாரியின் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியின் தலைமையில் தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது. நமது ஜில்லாக்களில் ரெவின்யூ கோட்டாட்சியரே அந்த ஆசனத்தில் அமருகிறார். ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். மாதம் ஒன்றுக்கு அதிகப்படியாக 10,000 ரூபாய் வரையில் ஜீவனாம்சம் விதிக்கலாம் என்று சட்டத்தில் வரம்பு கட்டப்பட்டிருக்கிறது.

நமது விஷயத்துக்கு முக்கியமானது அதன் 23-வது பிரிவு. சட்டம் அமலுக்கு வந்த பிறகு ஒரு முதியவர், தமக்கு வேண்டிய அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் தானமாகவோ வேறு விதமாகவோ சொத்தை மாற்றிக் கொடுத்திருந்து, வாங்கியவர் அவ்வாறு செய்ய மறுத்தாலும் தவறினாலும், அந்த மாற்றம் மோசடியினாலோ பலவந்தத்தினாலோ தகாத செல்வாக்கினாலோ நேர்ந்ததாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாதென்று அறிவிக்கலாம்.

"கருதப்படும்" என்ற சொல்லிலே இருக்கிறது இதன் வலிமை முழுவதும். மோசடி நடந்ததென்று தனியாக ருஜுப்பிக்க வேண்டியதில்லை. நிபந்தனை இருந்தது, அது மீறப்பட்டது என்று காட்டினாற் போதும். பதினைந்து வருஷத்துக்கு முன் சுத்தமான மனத்துடன் பத்திரம் பெற்ற மகனும், பின்னால் சோறு போடத் தவறினால், பத்திரம் எழுதிய அன்றே மோசம் செய்தவனாகச் சட்டத்தின் கண்ணுக்குத் தோன்றுவான். இவ்வளவு கடுமையான விதியை நாம் குறைகூறவில்லை. தாயை மறந்தவனுக்கு அது தகும். ஆனால் இவ்வளவு கூர்மையான கத்தியை எடுத்துக் கையாளும்போது, கை நடுங்காத நிதானம் வேண்டும் என்கிறோம்.

நிபந்தனை என்பது பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டுமா? இதுதான் இன்று வழக்குகளின் நடுநாயகமான பிரச்னை. 2022 டிஸம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, ஒரு தாய் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தைப் பற்றிய வழக்கில், அன்பினால் கொடுப்பவர் எப்பொழுதும் நிபந்தனை விதித்தே கொடுக்கிறார் என்று கொள்வதற்கில்லை. நிபந்தனை இருந்ததென்பதைச் சொல்லி ருஜுப்பிக்க வேண்டும் என்று கூறியது. 2025 ஜனவரியிலோ, மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இச்சட்டத்தை முதியோருக்கு அநுகூலமாகத் தாராளமாகவே வியாக்கியானம் செய்ய வேண்டும் என்று அதே கோர்ட்டு சொல்லி, தானத்தை ரத்துச் செய்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. அந்த வழக்கில் பெற்றோரைப் பராமரிப்பதாக வாக்களிக்கும் காகிதம் ஒன்று தனியாக எழுதப்பட்டிருந்தது. அது பொய்க் காகிதம் என்று மகன் வாதித்தும் பலிக்கவில்லை. 2025 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட்டு இன்னும் ஒரு படி சென்று, அன்பும் பாசமுமே காரணமாக எழுதப்பட்ட பத்திரத்தில் பராமரிப்பு என்ற நிபந்தனை உள்ளடங்கியே இருக்கிறது, வெளிப்படையாக எழுதப்பட வேண்டியதில்லை என்று தீர்மானித்தது.

இத்தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்கும் எதிர்வாதிக்கு ஒரு விஷயம் தெளிவாகும். "பத்திரத்தில் நிபந்தனை இல்லை" என்ற ஒரே வாதத்தைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது இனி விவேகமன்று. "நிபந்தனை இருந்ததென்றே வைத்துக்கொண்டாலும், நான் அதை மீறவில்லை, இதோ கணக்கு" என்று சொல்லக்கூடியவனே நிலைத்து நிற்பான்.

எதிர்வாதம் எப்படி அமைய வேண்டும்

முதலாவதாகக் கேட்க வேண்டியது, பிராது யாருடையது என்பது. 23-வது பிரிவின்படி பத்திரத்தை ரத்துச் செய்யும் விருப்பம் கொடுத்தவருக்கே உரியது. அனுபவத்தில் நாம் காண்பதோ, பங்கு கிடைக்காத அண்ணனோ தம்பியோ தகப்பனாரைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வருவதைத்தான். வாய் பெரியவருடையது, வார்த்தை வேறொருவருடையது. அவ்வாறு சந்தேகிக்க இடமிருந்தால், பெரியவரைத் தனியாக அமர்த்தி அவர் வாயாலேயே கேட்கும்படி தீர்ப்பாயத்தை எழுத்து மூலம் வேண்டிக்கொள்ள வேண்டும். பிரமாணத்தின்மேல் சாக்ஷியம் வாங்கவும் சாக்ஷிகளை வரவழைக்கவும் ஸிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு 8-வது பிரிவில் அளிக்கப்பட்டிருக்கிறது. கேட்டவனுக்கே அது பயன்படும்.

இரண்டாவது, காரியம் எத்தகையது என்று பிரித்துணர வேண்டும். தானம், கிரயம், உயில், பவர் பத்திரம், பாங்கியில் கூட்டுக் கணக்கு, இவை ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு. முழு விலை கொடுத்து வாங்கிய கிரயத்துக்கும், சும்மா பெற்ற தானத்துக்கும் ஒரே பதில் பொருந்தாது. விலை கொடுத்ததாகச் சொல்லுபவர் பணம் சென்ற வழியைப் பாங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். 2007-ம் வருஷத்துச் சட்டம் அந்தந்த ராஜ்யத்தில் அமலான தேதிக்கு முந்திய பத்திரங்களை 23-வது பிரிவு தொடாது என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது, பத்திரம் பிறந்த நாளின் சரித்திரத்தைத் திரட்ட வேண்டும். பத்திரம் எழுதியவர் யார், அவருக்குக் கட்டளையிட்டவர் யார், ஸப்-ரிஜிஸ்திரார் ஆபீஸுக்குப் பெரியவர் நடந்து சென்றாரா, சாக்ஷிக் கையெழுத்திட்டவர்கள் யாருடைய மனிதர்கள், எழுதிய பின் பெரியவர் அதைப்பற்றி உறவினரிடம் பேசினாரா, வீட்டு வரி மாற்றும்போது ஆட்சேபித்தாரா, இவையெல்லாம் வேண்டும். பத்திரத்துக்குப் பின் நாலைந்து வருஷம் அவர் தம் மற்ற விவகாரங்களைத் தாமே தெளிவாக நடத்தி வந்தாரானால், அதைவிடச் சிறந்த சாக்ஷி கிடையாது. அந்நாளில் அவரை வழக்கமாகப் பார்த்து வந்த வைத்தியரின் குறிப்புக்கு மதிப்புண்டு. பத்திரத்துக்கென்றே தேடிப்பிடித்து அன்றே வாங்கிய ஸர்ட்டிபிகேட்டோ, பல சமயங்களில் சந்தேகத்தைப் போக்குவதற்குப் பதிலாகக் கிளப்பிவிடும்.

நாலாவது, காரியத்தின் நியாயம். முதியவர் தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் கொடுத்தாரா, அல்லது ஆயுள் வரையில் குடியிருக்கும் உரிமையையும் ஒரு வருமானத்தையும் நிறுத்திக்கொண்டு கொடுத்தாரா? மற்றப் பிள்ளைகளுக்கு முன்னமே பங்கு கொடுத்தாகிவிட்டதா? பத்து வருஷம் உடனிருந்து பணிவிடை செய்த மகளுக்கு ஒரு வீடு அதிகமாகப் போனால் அதில் மனச்சாட்சிக்கு ஒவ்வாதது என்ன இருக்கிறது? சிங்கப்பூர் மூதாட்டி முழுவதையும் இழந்தாள். அதுதான் அவ்வழக்கின் உயிர்நிலை.

ஐந்தாவதாகவும் முடிவாகவும் நிற்பது கணக்கு. பவர் பத்திரம் பெற்றவர் ஒப்பந்தச் சட்டத்தின்படி ஏஜெண்டு. கேட்டபோது சரியான கணக்கு ஒப்புவிப்பது 213-வது பிரிவின்படி அவர் கடமை. பவர் கொடுத்தவர் இறந்தாலும், சித்தம் பேதித்தாலும், 201-வது பிரிவின்படி அதிகாரம் முடிவடைகிறது. அதன்பின் அந்தப் பத்திரத்தைக் கொண்டு எடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதுதான். பாங்கிக் கூட்டுக் கணக்கிலும் இப்படியே. வசதிக்காக மகன் பெயர் சேர்க்கப்பட்டதனால் பணம் மகனுடையதாகிவிடாது. பாங்கி யாருக்குப் பணம் கொடுக்கலாம் என்பது ஒன்று, பணம் யாருடையது என்பது மற்றொன்று.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள் நம் பெரியோர். இதைக் கடுமையான பேச்சென்று எண்ண வேண்டாம். அன்பைக் காப்பாற்றும் பேச்சு. மருந்துக் கடைச் சீட்டு, ஆஸ்பத்திரி பில், சமையற்காரி சம்பளம், கூரை பழுதுபார்த்த செலவு, இவற்றை ஒரு சாதாரண நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி மாதம் ஒருமுறை தாயிடம் படித்துக் காட்டும் மகனுக்கு எந்தத் தீர்ப்பாயத்திலும் பயமில்லை. "அம்மாவுக்காகச் செய்ததற்கெல்லாம் கணக்கா?" என்று பெருமை பேசியவனே பிற்காலத்தில் வாயடைத்து நிற்கிறான். அவன் யோக்கியனாகவே இருக்கலாம். யோக்கியத்துக்கு ருஜு இல்லையே!

கிரிமினல் பிராதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமலிலிருக்கும் பாரதீய நியாய ஸம்ஹிதையில் நம்பிக்கைத் துரோகம் 316-வது பிரிவிலும், ஏமாற்றுதல் 318-வது பிரிவிலும் வருகின்றன. இரண்டுக்கும் நேர்மையற்ற எண்ணம் அவசியம். குடும்பத்தில் கணக்குச் சச்சரவு இருப்பது மாத்திரம் குற்றமாகாது. ஸிவில் வியாஜ்யத்துக்குக் கிரிமினல் வேஷம் போட்டு எதிரியைப் பணியவைக்கும் வழக்கத்தைச் சுப்ரீம் கோர்ட்டு பன்முறை கண்டித்திருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் மிரண்டுபோய் எதிலாவது கையெழுத்திட்டுவிட்டு வருவது பெருந்தவறு. அங்கே எழுதிக்கொடுத்த ராஜிக் காகிதம் பின்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக் காட்டப்படும்.

வக்கீல் வரக்கூடாதாம்!

இத்தனை பாரமும் எவன் தலைமேல் விழுகிறதோ, அவனுக்குத் துணையாக ஒரு வக்கீல் வரலாமா? 2007-ம் வருஷத்துச் சட்டத்தின் 17-வது பிரிவு கூடாது என்கிறது. இரு திறத்தாருக்கும் இது பொது என்று சொல்லக்கூடும். ஆனால் 18-வது பிரிவின்படி பராமரிப்பு அதிகாரி ஒருவர் இருக்கிறார். பெற்றோர் விரும்பினால் அவர்கள் சார்பில் அவர் ஆஜராகலாம். எதிர்ப்பக்கத்தில் நிற்கும் விதவை மருமகளுக்கோ, எழுதப்படிக்கத் தெரியாத மகனுக்கோ அத்தகைய துணை யாரும் இல்லை.

மாதம் 10,000 ரூபாய்க்கு உட்பட்ட ஜீவனாம்சத்துக்கு வக்கீல் எதற்கு, காலதாமதம்தானே மிச்சம் என்று பார்லிமெண்டு எண்ணியிருக்கலாம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் அதே மேஜையில் அதே அதிகாரி ஒரு வீட்டின் பத்திரத்தையே செல்லாததாக்குகிறார். 27-வது பிரிவின்படி இச்சட்டத்துக்குட்பட்ட விஷயங்களில் ஸிவில் கோர்ட்டின் வாயிலும் அடைக்கப்பட்டிருக்கிறது. 16-வது பிரிவைச் சொல்லுக்குச் சொல் படித்தால் அப்பீல் செய்யும் உரிமை முதியவருக்கும் பெற்றோருக்கும் மாத்திரமே உரியதாகத் தோன்றுகிறது. பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட்டு 2014-ல் இரு திறத்தாருக்கும் அப்பீல் உண்டென்று பொருள் கொண்டது. எல்லா ஹைகோர்ட்டுகளும் அதை ஏற்கவில்லை. அப்பீல் இல்லாத இடத்தில் தோற்றவன் அரசியல் சாஸனத்தின் 226, 227-வது பிரிவுகளின்கீழ் ஹைகோர்ட்டுக்கு ஓட வேண்டியவனாகிறான். சொத்தின் தலைவிதி நிர்ணயமாகும் முதல் விசாரணையில் வாய்க்கட்டு, அப்புறம் ஹைகோர்ட்டில் பெரிய வக்கீல் என்பது ஏழைக்கு நியாயமாகுமா?

வக்கீல்கள் சட்டத்தின் 30-வது பிரிவு, எந்தக் கோர்ட்டிலும் தீர்ப்பாயத்திலும் ஆஜராகும் உரிமையை வக்கீல்களுக்கு அளிக்கிறது. 1961-ல் எழுதப்பட்ட அந்தப் பிரிவு 2011 ஜூன் 15-ந் தேதிதான் அமலுக்குக் கொண்டுவரப்பட்டது. அதை ஆதாரமாகக் கொண்டு கேரள ஹைகோர்ட்டு 2021-ல், 17-வது பிரிவின் தடை நிற்காது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நமக்கு முற்றும் ஸம்மதமானது. தடை நீங்கினால் நன்மை எதிர்வாதிக்கு மாத்திரமன்று. படுக்கையிலிருக்கும் முதியவருக்கும் தம் கட்சியைத் திறம்படச் சொல்ல ஒருவர் கிடைப்பார்.

நிர்வாகமும் நியாயபரிபாலனமும் ஒரே கையில் இருக்கலாகாது என்பது, காங்கிரஸ் மகாசபையின் ஆரம்ப காலத்திலேயே எழுந்த கோரிக்கை. அரசியல் சாஸனத்தின் 50-வது பிரிவில் அது ராஜ்யங்களுக்கு வழிகாட்டும் கொள்கையாகவும் ஏறிவிட்டது. வெள்ள நிவாரணத்துக்கும் தேர்தல் வேலைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு குடும்பத்தின் நாற்பது வருஷச் சரித்திரத்தைத் தீர்க்க வேண்டியிருக்கும் ரெவின்யூ அதிகாரியின் கஷ்டத்தை நாம் உணருகிறோம். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவருக்குத் துணைபுரியும் வாதப் பிரதிவாதம் வேண்டும் என்பதே நமது கட்சி.

வீட்டைவிட்டு வெளியேற்றும் உத்தரவுகளிலும் நிதானம் வேண்டும். 2020 டிஸம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, மருமகளுக்குக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தினால் கிடைத்துள்ள குடியிருப்பு உரிமையை முதியோர் சட்டத்தைக் காட்டிச் சுலபமாகத் துடைத்துவிடலாகாது, இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தெளிவாக்கியது. 2025 மார்ச்சில் வேறொரு வழக்கில், பிள்ளையை வெளியேற்றுவது ஒவ்வொரு மனுவிலும் தானாக வரும் பரிகாரமன்று. முதியவரின் பாதுகாப்புக்கு அவசியமானால் மாத்திரமே அதைச் செய்யலாம் என்று கூறியது. மகனோடு சண்டை, பழி மருமகள்மீது என்பது நம் வீடுகளுக்குப் புதிதன்று.

நாம் செய்ய வேண்டியது

ஊர்ப் பொதுக்காரியங்களில் ஈடுபட்டிருக்கும் தொண்டர்களிடம் இத்தகைய பிராதுகள் கோர்ட்டுக்குப் போகுமுன்பே வருகின்றன. அவர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்று உண்டு. முதலில் கேட்ட கதையை முழுக் கதையாகக் கொள்ள வேண்டாம். பெரியவரைத் தனியாகப் பாருங்கள், பிள்ளையையும் தனியாகப் பாருங்கள், பத்திரத்தைப் பாருங்கள், கணக்கைக் கேளுங்கள். இந்த நாலையும் செய்யுமுன் ஒருவனையும் ஊரார் நடுவில் நிறுத்தி அவமானப்படுத்தாதீர்கள். தீர்ப்பாயமும் விசாரணைக்கு முன் ஸமரஸ அதிகாரியிடம் வழக்கை அனுப்பலாம் என்று சட்டம் இடம் வைத்திருக்கிறது; நல்ல தொண்டன் அந்த வேலையை முன்னமே செய்துவிடலாம்.

குற்றம் மெய்யானால், குற்றவாளியிடம் வரும் வக்கீலுக்கும் ஒரு தர்மம் உண்டு. நிபந்தனை எழுத்தில் இல்லை, காலவரையறை தப்பிவிட்டது என்று சந்து தேடிக்கொடுப்பதற்கு முன், "எழுதி வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும், அதுதான் உமக்கு உத்தமமான எதிர்வாதம்" என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருக்க வேண்டும்.

இனிப் பத்திரம் எழுதப்போகிறவர்களுக்கு: கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே வக்கீல் வேண்டாம். எல்லாவற்றையும் உயிருடனிருக்கும்போதே கொடுத்துவிட வேண்டாம். குடியிருக்கும் வீட்டுக்கு உயிலே போதும். பராமரிப்பு நிபந்தனையானால் அதை ஒளியாமல் பத்திரத்திலேயே எழுதுங்கள். நிபந்தனையற்ற கொடையானால் அதையும், கொடுப்பதன் காரணத்தையும் பெரியவரின் வாய்மொழியாகவே எழுதுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு மறைத்துச் செய்யாதீர்கள். இருட்டில் எழுதிய பத்திரத்தைப் பகலில் ஆதரித்துப் பேசுவது எந்த வக்கீலாலும் முடியாது.

முதியோரைக் காப்பது தேசத்தின் கடமை. அக்கடமையைச் செய்யும் அவசரத்தில், முதியோரின் கையிலிருந்து கொடுக்கும் சுதந்தரத்தையும், அவர்களைப் பேணிய பிள்ளைகளின் வாயிலிருந்து பதில் சொல்லும் உரிமையையும் பறித்துவிடலாகாது. 17-வது பிரிவின் தடையைப் பார்லிமெண்டே நீக்கி, அப்பீல் உரிமையை இரு திறத்தாருக்கும் ஐயமின்றி அளிக்க வேண்டும். சொத்து மாற்றத்தை ரத்துச் செய்யும் வழக்குகளையாவது சட்டம் பயின்ற நீதிபதியின்முன் கொண்டுவர வேண்டும். இம்மூன்றும் நிறைவேறும் வரையில், பிராது கொடுக்கும் தாய்க்கும் பதில் சொல்லும் மகனுக்கும் ஒரே விளக்கின் கீழ் நியாயம் வழங்கப்படுகிறதென்று நாம் சொல்லிக்கொள்வதற்கில்லை.